உப்புக் காத்து படாத வண்டி

– காந்தம் எதுக்கு வேய்? வண்டி பாக்க வந்தீரா, ஆணி பெறக்க வந்தீரா?

– வண்டிதான் அண்ணாச்சி. இது பழைய ஸ்பீக்கர்ல உள்ள காந்தமாக்கும். தகரத்துல கப்புனு ஒட்டிச்சுன்னா அசல். நழுவிச்சுன்னா, எங்கயோ அடிபட்டு உள்ள பட்டி வச்சு பெயிண்ட் அடிச்சிருக்காவன்னு அர்த்தம். நாலு கதவும் பாத்தாச்சு. இனி பொறத்த டிக்கிக் கதவுதான் பாக்கி.

– பாரும். பத்து எடத்துல வச்சுப் பாரும். தாழக்குடி ஆறுமுகப்பெருமாள் வண்டியில பட்டி வச்சிருக்குன்னு எவனாவது சொன்னா, அந்தக் காந்தத்த நான் முழுங்குகேன்.

– முழுங்காண்டாம். பொறத்தயும் ஒட்டுகு. வண்டி கொள்ளாம்.

– இவ்ளோ நல்ல வண்டியக் கொள்ளாம்னு ஒத்தச் சொல்லுல முடிச்சிட்டீரே. பொன்னுலிங்கம், மயிலாடியில செலப் பட்டற வச்சிருக்கேன்னு போன்ல சொன்னீரு. நல்ல கண்ணுள்ள ஆளு, நாலு வார்த்த சேத்துச் சொல்லுவீருன்னு நெனச்சேன்.

– எங்க தொழில்ல கண்ணு பொறவுதான் அண்ணாச்சி. மொதல்ல காது. கல்லு எடுக்கப் போனா தட்டிப் பாப்போம். மணி மாதிரி கேட்டா எடுப்போம். பொத்துன்னு கேட்டா உள்ள கீறல் கெடக்குன்னு அர்த்தம். அதத் தெரியாம எடுத்துட்டா, செல முடியப் போற நேரத்துல சாமிக்கு மூக்கு தெறிச்சுப் போவும். அதான் வண்டியையும் வந்ததுல இருந்து தட்டிக்கிட்டே இருக்கேன். நீங்க தப்பா எடுத்துக்கிடாதீங்க.

– நான் எடுக்கல்ல. எங்க வீட்டுல உள்ளவதான் அடுக்களையில இருந்து கேக்கா, வந்த ஆளு எதுக்கு நம்ம வண்டிய அடிக்காருன்னு.

– அடிச்சா அடிக்கட்டும். தம்பி, இந்தாங்க, கருப்பட்டிக் காப்பி. குடிச்சிட்டு மிச்சத்த அடிங்க.

– அடிச்சு முடிஞ்சிட்டு அக்கா. இனி அடியில படுத்துப் பாக்கணும். பழைய சாக்கு ஒண்ணு இருந்தா தாங்க.

– சாக்கு எதுக்கு, பாய் தாரேன். வெள்ளச் சட்ட போட்டுட்டு வந்திருக்கிய. வீட்டுக்காரி பேசுவாள்லா.

– அவருக்க சட்டைய விடு பார்வதி. எஞ்சின் பச்சத் தண்ணி மாதிரி இருந்த நேரத்துல ஸ்டார்ட் பண்ணிப் பாத்தாரு, ஒரே கீயில பிடிச்சிட்டு. புகை இல்ல. ஊரச் சுத்தி ஒரு ரவுண்டு ஓட்டினாரு. கிளட்சு மட்டும் கொஞ்சம் மேல பிடிக்குன்னாரு, அதுவும் உள்ளதுதான். இனி அடியில போயி என்னத்தத் தேடப் போறாருன்னு கேளு.

– துரு அண்ணாச்சி. எனக்கு வேற ஒண்ணுக்கும் பயமில்ல. எஞ்சின் போனா எஞ்சின் வேல பாக்கலாம், டயரு போனா டயரு. துரு பிடிச்ச வண்டிய தலையச் சுத்தி எறியதத் தவிர வழியில்ல. மூணு வருசத்துக்கு முன்ன ஒண்ணு வாங்கினேன். கடக்கரையில நின்ன வண்டி. மேல பாத்தா கல்யாணப் பொண்ணு மாதிரி பளபளன்னு இருந்துச்சு. வெல கொறவுன்னு ஆசப்பட்டு எடுத்துட்டேன். ஒருநாளு குலசேகரத்துல ஒரு கல்யாணத்துக்குப் போறோம். என் வீட்டுக்காரி சொர்ணம்மா பட்டுச்சேல உடுத்து முன்னால இருக்கா. பாலத்துல ஒரு குழியில எறங்கிச்சு பாருங்க, அவ காலு வண்டித் தரையப் பொத்துக்கிட்டு ரோட்டுக்குப் போயிட்டு.

– எம்மா. காலுக்கு ஒண்ணும் ஆகல்லயே?

– செருப்போட போச்சு அக்கா. காலுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குதான் இன்னும் ஆறல்ல. கல்யாண வீட்டுல ஒத்தச் செருப்போட நின்னா. அதுக்குப் பொறவு அந்த வண்டிய இரும்பு வெலைக்குத் தள்ளிவிட்டேன். இப்பம் வீட்டுல ஆறு பேரு. ஞாயித்துக்கெழம சாமித்தோப்புப் பதிக்கு அய்யாவக் கும்பிடப் போவணும்னா ரெண்டு பைக்கு, ஒரு ஆட்டோ. மழ பெஞ்சா பாதிப் பேரு போவோம், பாதிப் பேரு வீட்டுல இருந்து அய்யாவ நெனச்சுக்கிடுவாவ.

– பிள்ளைய சின்னதா?

– மூத்தவ சுபிதா பிளஸ் டூ. கடசிப் பய சுஜினு நாலாங் கிளாஸு. கேரளாவுல ஒரு கோயிலுக்குப் பதினெட்டு செல செஞ்சோம் அக்கா. ரெண்டு வருசத்து வேல. அதுல ஒதுக்கினது அஞ்சு லச்சம். அதுக்கு மேல எங்கிட்ட ஒரு பத்து ரூவா தாளு கூட இல்ல. காலையில எறங்கும்போ சொர்ணம்மா சொல்லிவிட்டா, உப்புக் காத்து பட்ட வண்டியோட வந்தா அதுக்குள்ளயே பாய விரிச்சுப் படுத்துக்கிடுங்க, வீட்டுக்குள்ள ஏறாண்டாம்னு. அவ சொன்னாச் சொன்னதுதான். அதான் ஒவ்வொண்ணா பாக்கேன்.

– அப்பம் நீரு சரியான வீட்டுக்குதான் வந்திருக்கீரு. ஒம்பது வருசம் முன்ன, வண்டி எடுத்துப் பூச போட்ட அன்னைக்கு, இவளுக்க அண்ணன்மாரு மூணு பேரும் முத்தத்துல நிக்காவ. எல்லாரும் கன்னியாகுமரிக்குப் போவோம் அத்தான், சூரியன் மறையதப் பாத்துட்டு வருவோம்னு ஒரே பிடி. நான் சொன்னேன், இந்த வண்டி என் முத்தத்துல நிக்குத வரைக்கும் உப்புக் காத்து காணாதுன்னு. மூத்தவரு சிரிச்சாரு. சிரியும், பாக்கலாம்னு சொன்னேன்.

– ஆமா தம்பி. விடியக் கருக்கல்ல எந்திரிச்சு புளிச்சோறும் தொவையலும் கெட்டி வச்சிருந்தேன். கடசியில வண்டி பூதப்பாண்டிப் பக்கம் ஒரு கொளத்தங்கரைக்குப் போச்சு. அங்க இருந்து தின்னுட்டு வந்தோம். கொளத்துலயும் வெள்ளந்தானே கெடக்குன்னு சொன்னாவ இவிய.

– கெடக்கத்தானே செய்தது?

– கெடந்துச்சு. எருமையும் கெடந்துச்சு.

– கேட்டீரா வேய், இதாக்கும் பேச்சு. சரி, பாய விரிச்சாச்சு, பைய படும். தல முட்டாமப் பாரும்.

– அண்ணாச்சி.

– என்ன?

– டார்ச்ச கொஞ்சம் இங்கோட்டு நீட்டுங்க. ஒம்பது வருச வண்டியா இது?

– ஆர்.சி.யப் பாத்தீருல்லா.

– பாத்தேன். அதான் கேக்கேன். அடியில ஒரு துளி சேறு இல்ல. வயக்காட்டுக்கு நடுவுல உள்ள வீடு, ரெண்டு மழைக்காலம் போதும், அடியில எறும்புப் புத்து மாதிரி மண்ணு ஏறி நிக்கும். இது கழுவி வச்ச உருளி மாதிரில்லா இருக்கு. நெறைய வாட்டர் சர்வீஸ் குடுப்பியளோ?

– நான் கண்ணு மாதிரி பாத்துக்கிடுவேன். காலையில எந்திரிச்ச ஒடனே துணி வச்சுத் தொடப்பேன்.

– மேல தொடச்சா அடி எப்படி அண்ணாச்சி வெளுக்கும்?

– தம்பி, காப்பி ஆறிப் போவும். எந்திரிச்சுக் குடிங்க.

– இந்தா வந்துட்டேன் அக்கா. மனசு நெறஞ்சு போச்சு. இனி வெலையப் பேசலாம். ஆனா ஒண்ணு கேக்கணும், இவ்ளோ நல்ல வண்டிய எதுக்குக் குடுக்கிய?

– கண்ணு வேய். ஆப்பரேசன் கழிஞ்சு ஏழு வருசமாச்சு, அதுல இருந்து நான் ஸ்டியரிங்கத் தொடுகது இல்ல. ஸ்ரீஜித்துன்னு ஒருத்தன், ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன், நல்ல மாதிரி. கூப்பிட்டா வந்து ஓட்டித் தருவான். மாசத்துல ஒரு சனிக்கெழம இவளத் திருவட்டாத்துக்குக் கொண்டு போவான், பெருமாளக் கும்பிட. போன மாசம் குவைத்துக்கு விசா வந்து போயிட்டான். எங்க பிள்ளைய ரெண்டும் பெங்களூருல. வண்டி சும்மா நிக்கு. நிக்குத வண்டியும் பேசாத ஆளும் ஒண்ணு, உள்ளயே கெட்டுப் போவும்.

– அப்பம் இந்த வண்டி கடலுக்குப் போனதே இல்லன்னு தாணுமாலயன் மேல ஒரு சத்தியம் பண்ணுங்க அண்ணாச்சி. சொர்ணம்மாகிட்ட போயி சொல்லணும்லா.

– சத்தியம் எதுக்கு வேய்? இந்தக் கையி ஒருநாளும் ஸ்டியரிங்கக் கடலு பக்கம் திருப்பினது இல்ல. போதாதா?

– போதும். உங்க வயசுக்கு நான் கேட்டதே பெசகு. வெலையச் சொல்லுங்க.

– அஞ்சே முக்கா.

– அஞ்சு.

– அஞ்சரை. அதுக்குக் கீழ எறங்க மாட்டேன். நாகர்கோவில்ல ஒரு புரோக்கர் நேத்தே அஞ்சரைக்கு எடுக்கேன்னான். வீட்டு ஆளுக்குக் குடுக்கணும்னுதான் வச்சிருக்கேன்.

– அஞ்சுதான் அண்ணாச்சி இருக்கு. பேரம் பேசல்ல, உள்ளதச் சொல்லுதேன்.

– நீரு இன்னும் கடசி சீட்டுல இருந்து பாக்கல்லயே. இருந்து பாத்தா அரை லச்சம் கூடவே தோணும்.

– பாக்கேன். காலு நீட்டிக்கிடலாம் போல. அய்யோ, காந்தம் பைக்குள்ள இருந்து விழுந்துட்டு. எங்க போச்சு சவம். ஆங், சீட்டுக்கு அடியில மூலையில.

– கெடச்சுதா?

– கெடச்சுது. அண்ணாச்சி, கொஞ்சம் இங்க வாங்க.

– என்ன வேய், அங்கயும் பட்டியா தேடுகீரு?

– பட்டி இல்ல. காந்தத்தப் பாருங்க. மீச மொளச்சிருக்கு.

– இரும்புத் தூளா இருக்கும்.

– இரும்புத் தூளு இல்ல. கருமணலு. மணவாளக்குறிச்சி, சின்னவெள பக்கம் கடக்கரையில கெடக்குமே, அது. உங்க வயலு மண்ணு இப்படிக் காந்தத்துல குத்திட்டு நிக்காது. கல்லுலயும் மணலுலயும் கெடக்குத ஆளு நான், எனக்குத் தெரியாதா?

– வீடு கெட்டும்போ எறக்கின மணலு காத்துல பறந்து வந்திருக்கும்.

– வீடு கெட்டி நாப்பது வருசமாச்சுன்னு வந்த ஒடனே சொன்னிய.

– அப்பம் ஆரு செருப்புலயோ ஒட்டி வந்திருக்கும்.

– செருப்புல ஒட்டின மணலு ஒரு நுள்ளு வரும். இங்க கையால வாரலாம். நாலு மூலையிலயும் கெடக்கு. இது ஒருநாளுப் போக்கு இல்ல அண்ணாச்சி. மாசக்கணக்கா, வருசக்கணக்கா போயிருக்கு.

– என்னமோ, எனக்குத் தெரியாது வேய்.

– சரி. நான் கெளம்புதேன். உங்க மேல கோவம் இல்ல. நீங்க பெரிய மனுசன், இந்த வயசுல எதுக்கு இப்படிச் சொன்னியன்னு எனக்கு வெளங்கல்ல, அவ்வளவுதான். வேற வீட்டுல இப்படி நடந்தா ரெண்டு வார்த்த கேட்டிருப்பேன். எனக்கு வீட்டுல போயி நிக்கணும். அஞ்சு லச்சத்த மறுபடியும் கடலுல கொண்டு போயி போட முடியாது. அக்கா, காப்பி நல்லா இருந்துச்சு. வாறேன்.

– நில்லுங்க தம்பி.

– நீ உள்ள போ பார்வதி.

– போவல்ல. ஒரு ஆளு நம்ம முத்தத்துல இருந்து இவியளப் பொய்க்காரருன்னு நெனச்சுட்டு எறங்கிப் போகப்பிடாது. தம்பி, வண்டி கடலுக்குப் போயிருக்கு. கொண்டு போனது நானாக்கும்.

– ஏட்டி.

– சொல்ல விடுங்க. ஏழு வருசமா நெஞ்சுல வச்சுக்கிட்டு இருக்கேன். திருவட்டாத்துக்குப் போறது நெசம் தம்பி. பெருமாளக் கும்பிடுவேன், துளசி வாங்குவேன். ஆனா திரும்பி வருத வழியில ஸ்ரீஜித்துகிட்ட, மண்டைக்காட்டுப் பக்கம் கொஞ்சம் சுத்திப் போலாமான்னு கேட்டேன் ஒருநாளு. அவன் மொதல்ல பயந்தான். பாற்கடல்ல கெடக்குத பெருமாளப் பாத்துட்டு வாறோம், வழியில உப்புக்கடலையும் பாத்தா என்ன குத்தம் மக்கான்னு கேட்டேன். பொறவு அவனே சனிக்கெழமன்னா வண்டிய அங்கதான் திருப்புவான்.

– எவ்ளோ நேரம் இருப்பிய அக்கா?

– அர மணிக்கூறு. கூடினா முக்கா. வெள்ளத்துல எறங்கி நிப்பேன். காலுக்கு அடியில மணலு ஓடும்லா, அது எனக்குக் கொதி, அவ்ளோ ஆச. நான் பொறந்தது ராஜாக்கமங்கலம் பக்கமாக்கும். ஒறங்கப் போறதும் எந்திரிக்கதும் அந்தச் சத்தத்துலதான். கல்யாணம் கழிஞ்சு இங்க வந்தா, சுத்தி வயலு. தவளச் சத்தம். கொற சொல்லல்ல, இவிய என்ன ஒரு கொறயுமில்லாமதான் வச்சிருக்காவ. ஆனா வண்டின்னு ஒண்ணு முத்தத்துல நிக்கும்போ, பத்துப் பதினஞ்சு மைலுல கடலு கெடக்கும்போ, காணாம இருக்க முடியல்ல. பொய் சொன்னது தப்புதான். சந்தோசமாட்டு இருந்துச்சு, அதையும் சொல்லிப்போடுதேன்.

– அப்பம் வண்டி உப்புக் காத்து நல்லாத்தான் குடிச்சிருக்கு.

– குடிக்க விடல்ல தம்பி. அங்க இருந்து நேரே தக்கலையில வாட்டர் சர்வீஸ். வண்டியத் தூக்கி நிப்பாட்டி, அடியில ரெண்டு தடவ நல்ல வெள்ளம் அடிச்ச பொறவுதான் வீட்டுக்கு வருவோம். ஒரு தடவ கூட தப்பினது இல்ல. தேங்கா வித்த துட்டு நான் தனியா வச்சிருக்கேன், அதுல குடுப்பேன். வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவிய தாங்க மாட்டாவ. அந்தப் பயத்துலயே தேச்சுத் தேச்சுக் கழுவச் சொல்லுவேன்.

– மாசாமாசமா? ஏழு வருசமா?

– மழைக்காலத்துலயும்.

– என்ன வேய், சிரிக்கீரு?

– சிரிக்காம என்ன செய்ய அண்ணாச்சி? கடலே காணாத வண்டி, மழைச் சேறு ஒட்டி, அப்படியே நின்னு நின்னு துருப்பிடிச்சு நான் எத்தன பாத்திருக்கேன். இது மாசாமாசம் எண்ண தேச்சுக் குளிச்ச மாதிரில்லா இருக்கு. உங்க வைராக்கியத்துல இந்த வண்டி பொழைக்கல்ல. அக்காக்க பயத்துல பொழச்சிருக்கு. அடியில படுத்தபோ எனக்கு வெளங்காத காரியம் இப்பம்லா வெளங்குகு.

– அப்பம் சொர்ணம்மாகிட்ட என்ன சொல்லுவிய தம்பி?

– உள்ளதச் சொல்லுவேன் அக்கா. கடலுக்குப் போன வண்டிதான், ஆனா ஒவ்வொரு தடவையும் குளிச்சு முழுகி வீடு வந்த வண்டின்னு. இன்னைக்குச் சாயங்காலமே கூட்டிட்டு வாறேன், அவளும் குனிஞ்சு பாக்கட்டும். அவ கால வச்சு அமுத்திப் பாத்துச் சரின்னா, சரி. வெலதான் இடிக்குகு. அஞ்சரைக்கு என்னால ஏலாது. அண்ணாச்சி வாயத் தொறந்து ஒண்ணு சொல்லணும்.

– அஞ்சுக்கு எடுத்துக்கிடும்.

– நெசமாட்டா?

– சொன்னாச் சொன்னதுதான். ஆனா ஒரு காரியம் இருக்கு. ஞாயித்துக்கெழம சாமித்தோப்புக்குப் போவீருன்னு சொன்னீருல்லா. அங்க இருந்து கடலு ரொம்பத் தூரமா?

– பக்கந்தான். பதியில பணிவிட முடிஞ்சா பிள்ளைய எப்பிடியும் கடலுக்குப் போலாம்னு அடம் பிடிக்கும்.

– மாசத்துல ஒருநாளு, இங்கோட்டு வந்து இவளையும் ஏத்திட்டுப் போவும். உமக்குச் சுத்துதான். அந்த அரை லச்சத்த டீசலுக்குன்னு வச்சுக்கிடும். பஸ்ஸு மாறி மாறிப் போனா இவளுக்கு முட்டு தாங்காது.

– நீங்க என்னங்க சொல்லுதிய?

– தமிழ்லதான் சொல்லுகேன்.

– அக்கா வரட்டும், எனக்கு என்ன பாரம்? ஏழு சீட்டு. நாங்க ஆறு பேரு. அக்காவுக்குன்னு அளந்து வச்ச மாதிரி ஒண்ணு மிச்சம் இருக்கு.

– உம்ம கடசிப் பய மடியில இருப்பானா?

– சுஜினா? இருப்பான். எதுக்குக் கேக்கிய?

– இன்னொரு ஆளு உண்டு.

– ஆரு அண்ணாச்சி?

– நானாக்கும்.

– நீங்களா? எங்க அண்ணன்மாரு மூணு பேருக்கும் முன்ன சொன்ன சொல்லு என்னாச்சு?

– என் முத்தத்துல நிக்குத வரைக்கும்னுதானே சொன்னேன் பார்வதி. இனி அது மயிலாடி முத்தத்துல நிக்கும். என் சொல்லும் முடிஞ்சிட்டு. ஒம்பது வருசம் அதக் காப்பாத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

– அக்கா அழுகிய பாருங்க. நல்ல காரியத்துக்கு எதுக்கு அழுகிய?

– அழல்ல தம்பி. இவிய வந்தா எனக்குக் கூச்சமாட்டு இருக்கும். நான் பாட்டுக்கு முட்டளவு வெள்ளத்துல நிப்பேன், அல வந்து இடுப்பு வரைக்கும் நனைச்சுட்டுப் போவும். ஈரச் சேலையோட சின்னப் பிள்ள மாதிரி நிக்கதப் பாத்தா இவிய என்ன நெனப்பாவ?

– என்னத்த நெனைக்க? இனியாவது அந்த ஈரச் சேலைய முத்தத்துக் கொடியில விரிச்சுப் போடு. நீ மாசாமாசம் அந்தச் சனிக்கெழம மாட்டுத் தொழுவத்துக்குப் பொறத்த ஒளிச்சுக் காயப் போட, நான் அதக் காணாத மாதிரி அங்கோட்டுத் திரும்பாம ஏழு வருசம் நடந்து எனக்குக் கழுத்தே கோணிப் போச்சு.